வேலையில் இருந்துகொண்டே சொந்தத் தொழிலுக்குத் தயாராவது எப்படி?

மேலதிகாரி குறித்த கெடு, வருகைப் பதிவேடு, மாதம் தவறாத சம்பளம். வேலைக்குப் போகிறவரை நேரத்துக்கு எழுப்பி, உட்கார வைத்து, எடுத்ததை முடிக்க வைப்பவை இவைதாம். சொந்தத் தொழிலுக்கு வந்த அன்றே இவை மொத்தமாகப் போய்விடும். அந்த இடத்தில் வைக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்பதைத் தொழில் தொடங்கிய பிறகு கண்டுபிடிப்பது வீண் செலவு. முன்பே பழகிக்கொள்ளலாம். அதற்கு 6 மாதம் போதும், வேலையை விடவும் வேண்டியதில்லை. வேலையில் இருந்தபடியே தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. பொறுமையாகப் போவது கோழைத்தனம் அல்ல.

முதல் 14 நாள்: கணக்கு மட்டும்

புதிய பழக்கம் எதையும் இப்போது தொடங்காதீர்கள். ஒரு நோட்டில் நாளை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து, எந்த நேரம் எதில் போனது என்று எழுதுங்கள். மதியம், மாலை, படுக்கும் முன் என்று மூன்று தடவை எழுதினால்தான் சரியாக வரும். இரவில் மொத்தமாக எழுதினால் போனில் போன முக்கால் மணி நேரம் நினைவிலேயே இருக்காது. பக்கத்தில் அந்த நேரத்துச் சுறுசுறுப்புக்கு 1 முதல் 3 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள்.

14 நாள் முடிந்ததும், குறைந்தது 9 நாளாவது காலியாக இருந்த, ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளிகளை மட்டும் வட்டமிடுங்கள். அவைதாம் உங்களுடைய உண்மையான நேரம். வாரத்துக்கு 15 மணி நேரம் வந்தால், 9 மணி நேரத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். இந்த 40 சதவீதக் கழிவு ஏன்? தன் வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணிக்கும்போது மனிதர் பெரும்பாலும் குறைத்தே கணிக்கிறார். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். 1994இல் வெளியான ஆய்வொன்றில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை முடிக்கச் சுமார் 34 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்குச் சராசரியாக 55 நாளுக்கு மேல் ஆனது. சோம்பேறிகள் அல்ல அவர்கள், தடங்கலுக்கு இடம் விடாமல் கணக்குப் போட்டவர்கள். இந்தக் கட்டத்தைத் தாவிவிட்டு நேராக "தினமும் அதிகாலை எழுந்து மூன்று மணி நேரம்" என்று தொடங்குகிறவர்கள்தாம் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகிறார்கள்.

உட்காரும் முன்பே முடிவு செய்யுங்கள்

"நாளை தொழில் வேலை பார்க்க வேண்டும்" என்பது ஆசை. "காலை 5.30க்கு, முகம் கழுவியதும், இந்த மேசையில் உட்கார்ந்து, பட்டியலில் உள்ள முதல் மூன்று பேருக்குச் செய்தி அனுப்புவேன்" என்பது திட்டம். எப்போது, எங்கே, எதை என்ற மூன்றையும் முன்கூட்டியே கட்டிவைத்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999இல் தொகுத்துக் காட்டினார். இதில் பலர் தவறவிடும் பகுதி தடங்கலுக்கான திட்டம். "5.30க்கு எழ முடியாமல் போனால், இரவு 8.30க்கு 20 நிமிடம் உட்காருவேன்" என்று அதையும் எழுதிவையுங்கள்.

ஒவ்வொரு அமர்வும் 50 நிமிடம், பிறகு 10 நிமிட ஓய்வு. 50 கனமாகத் தெரிந்தால் 25 நிமிட அமர்வும் 5 நிமிட ஓய்வும் வைத்துக்கொள்ளலாம். போன் வேறு அறையில் இருக்க வேண்டும். கவிழ்த்து வைப்பது பயன் தராது, கை தானாகவே போய்விடும். எழும்போது அடுத்த அமர்வின் முதல் வேலையை ஒரே வரியில் எழுதிவிட்டு எழுங்கள். மறுநாள் "எங்கிருந்து தொடங்குவது" என்று யோசிப்பதில்தான் முதல் கால் மணி நேரம் கரைகிறது.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பதை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஒரு செயல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைகூட ஆகலாம் என்ற மதிப்பீடு. ஒரு நாள் தவறுவதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எனவே விதி எளிது: ஒரு நாள் விடலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் விடக்கூடாது. இரண்டாம் நாளும் முடியவில்லை என்றால் 10 நிமிடமாவது உட்காருங்கள்.

யாராவது "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய வேலை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்புக் காலத்தில் ஆபத்து சோம்பல் மட்டும் அல்ல, சுகமான உழைப்பும்தான். நிறுவனப் பெயர் யோசிப்பது, லோகோ வரைவது, இன்னொரு ஆன்லைன் பயிற்சியில் சேர்வது, வெற்றியாளர்களின் பேட்டி பார்ப்பது. எல்லாமே வேலை செய்த நிறைவைத் தரும். இவற்றில் எதற்கும் எவரும் உங்களை மறுக்கப் போவதில்லை என்பதால்தான் மனம் இவற்றையே நாடுகிறது.

அமர்வு முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று செய்ததில், வேறொருவர் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கக்கூடிய வேலை எது? வாடிக்கையாளராகக்கூடியவரிடம் பேசுவது, மாதிரியைக் கையில் கொடுத்துக் கருத்துக் கேட்பது, சப்ளையரிடம் விலை கேட்பது, முன்பணம் கேட்பது எல்லாம் இந்த வகை. மூன்று அமர்வில் இரண்டு இப்படி இருக்க வேண்டும். மீதி ஒன்றில் படியுங்கள், கணக்குப் போடுங்கள். படிப்பதும் அடுத்த இரண்டு வாரத்தில் கைக்கு வேண்டியதை மட்டும்.

இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் 20 பேரிடம் பேசி முடிக்க இலக்கு வையுங்கள். உறவினரும் நண்பரும் இதில் சேர மாட்டார்கள், உங்களைப் புண்படுத்த அவர்களுக்கு மனம் வராது. "இப்படி ஒன்று இருந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு எல்லோரும் "கண்டிப்பாக" என்பார்கள், அந்தச் சொல்லை நம்பிப் பொருளை வாங்கிக் குவித்தவர்கள் நிறைய. நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: இந்தப் பிரச்சினை கடைசியாக எப்போது வந்தது? அப்போது என்ன செய்தீர்கள்? எவ்வளவு செலவானது? அதில் எது சரிப்படவில்லை? பேசி முடித்த 10 நிமிடத்துக்குள், அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவிடுங்கள். தாமதித்தால் உங்கள் விருப்பம் அவர்கள் வாயில் ஏறிவிடும். 20 பேரில் 8 பேராவது ஒரே பிரச்சினையைச் சொல்லி, அதைத் தீர்க்க ஏற்கெனவே பணமோ நேரமோ செலவழித்திருந்தால் மேலே போகலாம். 3 பேர்தான் என்றால் யோசனையை மாற்றுங்கள். இந்த எண்கள் அறிவியல் விதி அல்ல, ஆனால் பேசத் தொடங்கும் முன்பே ஏதாவது ஓர் எண்ணை எழுதிவைக்காவிட்டால் எந்தப் பதிலையும் சாதகமாகப் படித்துக்கொள்வீர்கள்.

முதல் அழைப்புக்கு முன் நெஞ்சு படபடக்கும். அது போகும்வரை காத்திருந்தால் போகாது. அமர்வின் முதல் வேலையாகவே அழைப்பை வையுங்கள். கடைசியில் வைத்தால் நேரம் முடிந்துபோவது நல்ல சாக்காகிவிடும்.

ஊருக்கெல்லாம் அறிவிப்பதையும் தள்ளிப்போடுங்கள். "தொழில் தொடங்கப் போகிறேன்" என்று சொன்னதும் கிடைக்கும் பாராட்டே பாதி தொடங்கிவிட்ட உணர்வைத் தந்து உழைப்பைக் குறைக்கக்கூடும். ஒரே ஒருவரிடம், வாரத்துக்கு ஒரு முறை, எண்ணிக்கையோடு சொல்லுங்கள்: எத்தனை பேரிடம் பேசினேன், எத்தனை பேர் மறுத்தார்கள். வீட்டாரிடம் மட்டும் எல்லாவற்றையும் பேசுங்கள். எந்த நாள், எந்த நேரம் உங்களுக்கு வேண்டும், எந்த நேரம் முழுக்க அவர்களுக்கு என்று தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். வாய்மொழி ஒப்பந்தம் முதல் அவசரத்திலேயே மறந்துபோகும்.

நோட்டு

நான்கு பத்திகள் போதும்: தேதி, செய்வதாகச் சொன்னது, செய்தது, செய்யாததற்குக் காரணம். நான்காவது பத்தியில் "நேரமில்லை" என்று எழுதக்கூடாது. என்ன குறுக்கே வந்தது என்று எழுதுங்கள். வாரக் கடைசியில் 40 நிமிடம் அதைப் படியுங்கள். ஒரே காரணம் மூன்று முறை வந்திருந்தால், அது மன உறுதிக் குறைவு அல்ல, அமைப்பில் உள்ள கோளாறு. இரவு அமர்வு தொடர்ந்து தவறினால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் அமர்வைக் காலைக்கு மாற்றுங்கள். சொன்னதில் 80 சதவீதத்துக்கு மேல் நான்கு வாரம் தொடர்ந்து முடித்தால் மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள்.

தூக்கத்தைத் திருடி நேரம் உண்டாக்காதீர்கள். 14 நாள் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும், இரண்டு இரவு வரை தூங்காதவர்கள் அளவுக்குக் குறைந்ததாக 2003இல் வெளியான ஆய்வில் கண்டார்கள். தாங்கள் எவ்வளவு மோசமாகியிருக்கிறோம் என்பது அவர்களுக்கே பெரும்பாலும் தெரியவில்லை. விலை பேசும்போதும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதும் அந்த நிலையில் இருப்பது நல்லதல்ல.

பண ஒத்திகை

மூன்று மாதச் செலவை ஒன்றுவிடாமல் எழுதிச் சராசரி எடுங்கள். அது 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கொரு முறை வரும் காப்பீடு, கல்விக் கட்டணம், பழுதுச் செலவுகளைக் கூட்டி 12ஆல் வகுத்தால் 20 வருகிறது என்றால், உண்மையான மாதச் செலவு 120. 9 மாதம் தாக்குப்பிடிக்க 1,080 வேண்டும். தொழில் முதலீடு இதில் சேராது, அது தனி. பலர் இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துக்கொண்டு, சரக்கு வாங்கும் அவசரத்தில் வீட்டுப் பணத்தையும் இறக்கிவிடுகிறார்கள். முதல் நாளிலிருந்தே இரண்டு வங்கிக் கணக்கு வையுங்கள்.

நான்காம் மாதம் தொடங்கி, சம்பளத்தில் 70 சதவீதத்தில் குடும்பத்தை நடத்திப் பாருங்கள். மீதி 30 சதவீதம் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். மூன்று மாதம் தாங்க முடிந்தால் சேமிப்பும் வளரும், வருமானம் குறைந்தால் வீட்டில் எது முதலில் இடிக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. வேலை ஒப்பந்தத்தில் வெளித்தொழில் பற்றிய கட்டுப்பாடு இருக்கிறதா என்று இப்போதே படியுங்கள். அலுவலக நேரம், அலுவலகக் கணினி, அலுவலக வாடிக்கையாளர் பட்டியல் எதையும் தொடாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறமிருக்க, நாளை உங்கள் பெயரை நம்பித்தான் பிறர் உங்களோடு வியாபாரம் செய்யப்போகிறார்கள்.

எல்லைக் கோடு

ஐந்தாம் மாதம் ஒரு நாள் 30 நிமிடம் ஒதுக்கி, "ஓராண்டு கழித்து இந்தத் தொழில் மூடப்பட்டுவிட்டது" என்று எடுத்துக்கொண்டு, அதற்கான காரணங்களை எழுதுங்கள். கேரி கிளைன் என்ற உளவியலாளர் பரவலாக்கிய முறை இது. தோற்குமா என்று கேட்டால் மனம் மழுப்பும், தோற்றுவிட்டது என்று சொன்னால் காரணங்களைக் கொட்டும். முதல் மூன்று காரணங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்பு நடவடிக்கை எழுதி, அடுத்த வார அமர்வுகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு கோடுகள். வேலையை விடும் கோடு: எடுத்துக்காட்டாக, தொழில் லாபம் மூன்று மாதம் தொடர்ந்து குடும்பச் செலவில் பாதியைத் தொட வேண்டும், 9 மாதச் சேமிப்பு முழுதாக இருக்க வேண்டும். நிறுத்தும் கோடு: இந்தத் தேதிக்குள் அல்லது இவ்வளவு பணம் போனதும் நிறுத்துவேன். இரண்டையும் எழுதி, தேதியிட்டு, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். போட்ட பணத்தை எண்ணி எண்ணி மேலும் போடும் நிலை வந்த பிறகு இந்தக் கோட்டைப் போட முடியாது.

விடும் கோட்டைத் தொட்டால், கடைசி வேலைநாளுக்கு முன்பே அடுத்த இரண்டு வாரத்துக்கான கால அட்டவணையை மணிக்கணக்கில் எழுதிவிடுங்கள். திடீரென்று நாள் முழுக்கக் கைக்கு வரும்போது வேலை நாள் முழுக்கப் பரவி எதுவும் முடியாமல் போகும். முதல் வாரத்தில் தினமும் கவனம் சிதறாத 4 மணி நேரம், அதில் 2 மணி நேரம் விற்பனைக்கு. மற்ற நேரம் பொருள் அனுப்புவது, கணக்கு, பதில் எழுதுவது. வாரக் கடைசி 40 நிமிட நோட்டு அப்படியே தொடரட்டும்.