பிக்கப் வண்டியின் கம்பெனி பெயின்டைக் கெடுக்கும் பழக்கங்கள்

செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்க வருகிறவர் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்வதற்கு முன்பே கேட்கிற கேள்வி, "கம்பெனி பெயின்டுங்களா?" என்பதுதான். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் வண்டி பார்த்துப் பழகியவர்கள் கதவை விரலால் தட்டியே நெளிசலை நிரப்பப் பட்டி போட்ட இடத்தைச் சொல்லிவிடுவார்கள். தகரத்தின் சத்தம் வேறு, பட்டியின் சத்தம் வேறு. அப்படி ஓர் இடம் தெரிந்துவிட்டால் விலை இறங்கும். இறங்குவது நியாயம்தான் என்பேன்.

தொழிற்சாலையில் கேபின் வெறும் தகரமாக இருக்கும்போதே அதை பிரைமர் தொட்டிக்குள் முழுசாக முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் பூச்சு ஒட்டும்படி செய்கிறார்கள். பிறகு 160 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுடுகிறார்கள். வயரிங், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் மாட்டிய வண்டிக்கு இதைத் திரும்பச் செய்ய வழியே இல்லை. எவ்வளவு கைதேர்ந்த பெயின்டராக இருந்தாலும் பட்டறையில் 60, 80 டிகிரிக்கு மேல் சூடு காட்ட முடியாது. கதவின் உள்மடிப்புக்குள் அவருடைய ஸ்பிரே கன் நுழையாது. கம்பெனி பெயின்டின் எல்லா அடுக்கும் சேர்ந்து 100 முதல் 130 மைக்ரான் வரைதான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். அந்தப் பூச்சு போனால் போனதுதான். அதைத் தேய்க்கிற, அரிக்கிற, ஓட்டை போடுகிற பழக்கங்களை விடுவதுதான் பெயின்ட் பராமரிப்பில் முக்கால்வாசி வேலை.

துடைப்பதும் கழுவுவதும்

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைப்பதோடு நிற்பதில்லை. காட்டுப் புழுதியை எல்லாம் வாரி வண்டிமேல் கொட்டுகிறது. காலையில் வண்டியை எடுக்கும்போது பானெட்டில் செம்மண் படிந்திருந்தால் கை தானாகத் துணியைத் தேடும். அந்தக் காய்ந்த துடைப்புத்தான் பெயின்டுக்கு விழுகிற முதல் அடி. புழுதியில் இருக்கிற பொடி மணல் பெயின்டைவிடக் கடினமானது. துணி அதை நகர்த்தும்போது அது கீறிக்கொண்டே போகிறது. வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரிகிற வட்ட வட்டமான மெல்லிய கோடுகள் அப்படி வந்தவை. தண்ணீர் விட்டு மண்ணை இறக்கிவிட்டுத்தான் துணி பட வேண்டும். தண்ணீர் ஊற்ற நேரம் இல்லாத அன்று வண்டி புழுதியோடு போகட்டும். பெயின்டுக்கு ஒன்றும் ஆகாது.

அந்தத் துணியும் பெரும்பாலும் பனியன் வேஸ்ட்தான். திருப்பூர் பக்கத்தில் கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைப்பதால் ஒர்க் ஷாப்பிலும் அதுவே, வீட்டு வாசலிலும் அதுவே. கிரீஸ் துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் அதில் ஓவர்லாக் தையல் இருக்கும், நைலான் நூல் இருக்கும், சில துண்டில் லேபிள்கூட அப்படியே இருக்கும். ஒரு முறை ஒர்க் ஷாப்பில் புழங்கிய துண்டு என்றால் இரும்புப் பொடியும் ஒட்டியிருக்கும். பெயின்டில் படுகிற துணியைத் தனியாக வையுங்கள். இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கினால் போதும், பெரிய செலவு இல்லை. பனியன் துணிதான் வேண்டும் என்றால் தையல் இல்லாத நடுத்துண்டாகப் பார்த்து எடுங்கள். கீழே விழுந்த துணியை அலசாமல் மறுபடி வண்டியில் வைக்கக் கூடாது.

துணி துவைக்கிற பவுடரைப் போட்டுக் கழுவுவது இன்னொரு பழக்கம். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகவே செய்யப்பட்டது. பெயின்ட்மேல் இருக்கிற வேக்ஸையும் அது உரித்துக்கொண்டு போய்விடும். கதவு ரப்பரும் வறண்டுவிடும். கார் ஷாம்பூ ஒரு மூடி ஒரு வாளித் தண்ணீருக்குப் போதும். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். சக்கரத்துக்கும் அடிப்பாகத்துக்கும் வேறு துணி வேண்டும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய பிரச்சினை தண்ணீர். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. நம் பக்கத்துப் போர்வெல்கள் பலவும் அதைத் தாண்டியவை. உச்சி வெயிலில், சூடான தகரத்தில் போர்த் தண்ணியை ஊற்றினால் தண்ணீர் மட்டும் ஆவியாகும். சுண்ணாம்பும் மக்னீசியமும் வெள்ளை வெள்ளைத் திட்டாகத் தங்கிவிடும். ஆரம்பத்தில் அது மேலோட்டமான கறைதான். பல மாதம் விட்டால் கலருக்கு மேல் இருக்கிற நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டிலேயே பள்ளம் விழும், அப்புறம் பாலிஷ் போட்டாலும் போகாது. காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ, தகரம் தொட்டால் சூடு இல்லாத நேரத்தில் கழுவுங்கள். கடைசி ஒரு வாளி மட்டும் ஆற்றுக் குழாய்த் தண்ணியாகவோ மழைத் தண்ணியாகவோ இருந்தால் ரொம்ப நல்லது. இல்லாவிட்டால் காய விடாமல் உடனே துடைத்துவிடுங்கள். ஏற்கெனவே திட்டு இருக்கிறதா? வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி, நன்றாக அலசுங்கள். அதற்கு மேல் ஊற வைக்க வேண்டாம்.

நிழல், மயில், பூஜை

நிழலில் நிறுத்துவது நல்லதுதான், ஆனால் எந்த நிழல் என்று பார்க்க வேண்டும். தை, மாசியில் மாமரம் பூக்கும்போது தத்துப்பூச்சி விடுகிற இனிப்புப் பிசின் கீழே நிற்கிற வண்டி முழுக்கப் படியும். அதன்மேல் புழுதி ஒட்டிக் கறுக்கும். வெறும் தண்ணீரில் அது இறங்காது, வெதுவெதுப்பான ஷாம்பூத் தண்ணியில் ஊற வைக்க வேண்டும். பறவை எச்சம் இன்னும் மோசம். அதில் இருக்கிற அமிலம் வெயில் சூட்டில் ஒரே நாளில் தடம் பதித்துவிடும். காய்ந்ததை நகத்தால் சுரண்டாமல், ஈரத் துணியை ஐந்து நிமிடம் அதன்மேல் போட்டு வைத்து எடுங்கள்.

தோட்டத்துச் சாளை வீட்டில் வண்டி நிற்கிறவர்களுக்கு மயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு காடுகளில் மயில் பெருகிவிட்டது. ஆண் மயில் பளபளப்பான கதவில் தன் பிம்பத்தைப் பார்த்து இன்னொரு மயில் என்று நினைத்துக் கொத்தும். கேபின் கூரைமேல் ஏறி நின்றால் நகக் கீறல் மிச்சம். கண்ணாடிக்கு ஒரு பையை மாட்டி, பிம்பம் தெரிகிற பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்துவதுதான் எளிய வழி. முழு வண்டிக்கும் கவர் போடுவதை நான் சொல்ல மாட்டேன். புழுதிமேல் போட்ட கவர் ஆடிக் காற்றில் உப்புக் காகிதம் மாதிரி நாள் பூராவும் தேய்க்கும். கூரை போட்ட ஷெட் இருந்தால் கவரே வேண்டாம்.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பதை யாரும் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம். ஆனால் சந்தனமும் குங்குமமும் வாரக் கணக்கில் பானெட்டில் காய்ந்து கிடந்தால், வெயிலில் வறண்ட வெள்ளை பெயின்டில் மஞ்சளும் சிவப்பும் இறங்கிவிடும். பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பகுதியிலோ வைக்கலாம். எலுமிச்சைச் சாறு பெயின்டில் வடிந்தால் அன்றைக்கே அலசுங்கள். வாழைக்கறை துணியில் பட்டாலே போகாது, ஆகவே முன்னால் கட்டுகிற வாழைக்கன்றின் வெட்டுவாய் தகரத்தில் படாமல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டுங்கள். மாலையை செல்லோ டேப்பில் ஒட்டுவதைவிட நூலில் கட்டுவது நல்லது. வெயிலில் காய்ந்த டேப்பின் பசையை பிளேடால் சுரண்டப் போய்த்தான் பாதிக் கீறல் வருகிறது. பழைய ஸ்டிக்கரை எடுப்பதற்கும் பிளேடு வேண்டாம். ஹேர் டிரையரால் சூடு காட்டினால் தானாக உரியும்.

லோடு ஏற்றுகிற இடத்தில்

காருக்கு எழுதப்பட்ட யோசனைகள் பிக்கப்புக்குப் பாதிதான் பொருந்தும். பிக்கப்பின் பெயின்ட் சாவது பெரும்பாலும் பின்பக்கத்தில்தான். நாம் கழுவித் துடைத்துப் பார்ப்பதெல்லாம் முன்பக்கத்தை.

பல்லடம், நாமக்கல் பக்கம் கோழி எரு ஏற்றுகிற வண்டிகளைப் பாருங்கள். ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்து தளத்தின் மடிப்புகளை அரித்திருக்கும். பொள்ளாச்சிப் பக்கத் தென்னைநார்த் தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அந்தத் தூள் ஒரு கைப்பிடி தளத்தின் மூலையில் தங்கினால் அந்த மூலை வாரம் முழுக்க ஈரத்திலேயே இருக்கும். பொட்டாஷ் உரம் குளோரைடு, இரும்பைப் பொறுத்தவரை உப்பு மூட்டை ஏற்றியதற்குச் சமம். தூத்துக்குடி உப்பு, கொச்சி மீன் என்று லோடு அடித்துத் திரும்பினால் அன்றைக்கே அடிப்பாகம் வரை நல்ல தண்ணியில் கழுவ வேண்டும். மற்ற லோடுகளுக்கு இறக்கியதும் கூட்டிவிட்டு, மூலைகளைத் தண்ணீர் அடித்துக் காய வைத்தால் போதும். தளத்தில் ரப்பர் மேட் போட்டிருப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது அதைத் தூக்கிப் பாருங்கள். மேட் பெயின்டைக் காக்கும், ஆனால் அடியில் தேங்கிய ஈரத்தையும் சேர்த்தே காக்கும்.

கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத் தண்ணி வெளியே போவதற்கானவை அவை. செம்மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். கதவின் கீழ்ப்பகுதி உள்ளிருந்து துருப்பிடித்து வெளியே கொப்புளமாக வருவது இப்படித்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் குச்சியால் அவற்றைக் குத்தி விடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

தார்ப்பாயின் தளர்ந்த நுனி காற்றில் கேபின் பின்பக்கத்தை அடித்துக்கொண்டே வந்தால், கோவையிலிருந்து சேலம் போவதற்குள் அந்த இடம் மங்கிவிடும். இழுத்துக் கட்டுங்கள். கயிறு உரசுகிற விளிம்புகளுக்கும் பின் டோர் சங்கிலிக்கும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டுங்கள்.

வண்டி வாங்கிய கையோடு ஏணி, கேரியர், கிரில் வைக்கிறோம். வெல்டிங் வைத்தால் தகரத்தின் மறுபக்கத்துப் பூச்சும் வெந்துவிடும். அந்தப் பக்கம் யாரும் பிரைமர் அடிப்பதில்லை. முடிந்தவரை போல்ட் போடச் சொல்லுங்கள். ஓட்டையின் விளிம்பைத் தேய்த்து, பிரைமர் தடவி, ரப்பர் வாஷர் வைத்து முடுக்க வேண்டும். வெல்டிங்தான் ஆகும் என்றால் இரண்டு பக்கமும் பிரைமர் கேளுங்கள். கிரைண்டர் ஓடும்போது பறக்கிற தீப்பொறி கேபின்மேல் விழுந்து ஒட்டிக்கொள்ளும். பத்து நாளில் அவை பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். வேலை தொடங்குமுன் ஈரச் சாக்கால் கேபினை மூடச் சொல்ல வேண்டும்.

பளபளப்பு ஆசை

வருஷா வருஷம் மெஷின் போட்டு காம்பவுண்ட் அடிப்பது நல்ல பராமரிப்பு என்று பலர் நம்புகிறார்கள். காம்பவுண்ட் என்பது பெயின்டைச் சீவுவது. ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும். கிளியர் கோட் மொத்தமே 40 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். அது மெலிந்த பிறகு வெயிலைத் தடுக்க ஒன்றும் இல்லை, கூரையிலும் பானெட்டிலும் தோல் தோலாக உரிய ஆரம்பிக்கும். ஆழமான மங்கல் இருந்தால் மட்டும், அந்தப் பகுதிக்கு மட்டும் காம்பவுண்ட் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேக்ஸ் தடவினால் போதும். வேக்ஸ் எதையும் சீவாது. அதைக் கேபின் கூரைக்கும் தடவ மறக்காதீர்கள். வெயில் முழுக்க அங்கேதான் விழுகிறது, யார் கண்ணிலும் படாததால் அதை விட்டுவிடுகிறோம்.

லோடு வண்டிகளில் சில வெள்ளை பெயின்ட்கள் கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சாக இருக்கும். கறுப்புத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள், துணியில் வெள்ளை ஏறினால் அது ஒற்றைப் பூச்சு. அதில் காம்பவுண்டை இன்னும் குறைவாகப் போட வேண்டும்.

டீசல் நனைத்த துணியால் பாடியைத் துடைத்தால் அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் புழுதியெல்லாம் அதில்தான் ஒட்டும், ரப்பரும் உப்பிவிடும். வாட்டர் சர்வீஸில் பழைய ஆயில் ஸ்பிரே அடிப்பதும் அப்படித்தான்.

கல் அடித்த இடமும் எஃப்.சி. பெயின்டிங்கும்

ஜல்லி லாரிக்குப் பின்னால் போனால் பானெட்டில் கல் தெறிக்கும். தகரம் தெரிகிற அளவுக்குப் பெயின்ட் போயிருந்தால் அந்த மாதமே டச்சப் செய்யுங்கள். துரு வெளியே மிளகு அளவு தெரியும்போது பெயின்டுக்கு அடியில் அதைவிட அகலமாகப் பரவியிருக்கும். 400 நம்பர் உப்புக் காகிதத்தால் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, பிரைமர் வைத்து, காய்ந்த பிறகு கலர் வையுங்கள். துருவின்மேல் நேராகக் கலர் தடவுவது வீண். கலரின் கோடு நம்பர் வண்டியின் விவரத் தகட்டில் இருக்கும், அதைக் காட்டிக் கலரை வாங்குங்கள்.

எட்டு வருஷம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அவசரத்தில் முழு வண்டிக்கும் மலிவான என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டை அடித்துவிடுகிறார்கள். நல்ல கம்பெனி பெயின்டின்மேல் சரியாகத் தேய்க்காமல் அடித்த அந்தப் பூச்சு இரண்டு கோடைக்குள் மங்கி உரியும். கெட்ட பகுதியை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். செலவும் குறையும், மற்ற இடத்தில் ஒரிஜினலும் நிற்கும். பாடி கட்டுவதில் பேர் போன நாமக்கல்லிலும் கரூரிலும் நல்ல பெயின்டர்களுக்குப் பஞ்சம் இல்லை, அவசரப்படுத்தாமல் நாள் கொடுத்தால் அவர்கள் வேலை நிற்கும். ஹார்ட்னர் கலக்கிற பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்டைக் கேளுங்கள். பட்டிக்கு அடியில் எபாக்ஸி பிரைமர் உண்டா என்றும் கேளுங்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். தண்ணி போட்டுத் தேய்த்துவிட்டு அது முழுசாகக் காயும் முன்னே அடித்த பெயின்ட்தான் முதல் மழையிலேயே கொப்புளிக்கிறது. வண்டி கைக்கு வந்த பிறகு 30 நாளாவது அந்தப் பகுதியில் வேக்ஸும் ஸ்டிக்கரும் வேண்டாம். கைக்குக் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும்.