கள்ளக்கடலும் கரையும் மண்ணும்: குமரி மேற்குக் கடற்கரையில் பாதுகாப்பாக இருப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் குளச்சல் வரையுள்ள கரையில், கடல் ஊருக்குள் வருவதற்குப் புயல் அடிக்க வேண்டும் என்பதில்லை. வானம் தெளிந்து காற்றும் அடங்கியிருக்கும் சித்திரை, வைகாசி நாள்களில்கூட, முன்னறிகுறி எதுவும் காட்டாமல் நீர் ஏறி வந்துவிடுகிறது. கள்ளனைப் போல வருவதால் மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2012இல் யுனெஸ்கோவும் இந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. தென் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயற்காற்று எழுப்பும் நெடிய அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து நம் கரையை அடைவதால், இங்குள்ள வானத்தைப் பார்த்து அதைக் கணிக்க முடியாது.

எனவே முதல் வேலை, ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கையை, குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில், நாள்தோறும் பார்ப்பது. அதில் அலையின் உயரத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எச்சரிக்கை நேரம் கடல் ஏற்றத்தோடு சேர்கிறதா, அமாவாசையோ பௌர்ணமியோ அருகில் இருக்கிறதா என்று பாருங்கள்; இவை ஒன்றுசேரும்போதுதான் நீர் வழக்கமான எல்லையைத் தாண்டுகிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாள் அது. வெளியூரிலிருந்து வருபவர்களுக்குக் கடலின் குணம் தெரியாது. எச்சரிக்கை நாளில் அவர்களைக் கரையிலேயே தடுத்து நிறுத்துவது உள்ளூர்க்காரர்களின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

அலை ஒரே நாளில் வருகிறது. அரிப்போ மாதக்கணக்கில் நடக்கிறது, அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை. வீட்டின் கடல்பக்கச் சுவரிலிருந்து மணல் விளிம்புவரை எத்தனை அடி என்று மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். ஆனி, ஆடியில் பருவக்காற்று வலுக்கும்போது வாரம் ஒருமுறை அளப்பது நல்லது. தென்னையின் வேர் வெளியே தெரிவதும், கரைக்கு இணையாகத் தரையில் வெடிப்பு ஓடுவதும், சாலைக்கு அடியில் மணல் வழிந்து பள்ளம் விழுவதும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். செங்குத்தாக அறுபட்ட மணல் மேட்டின் மேலோ அதன் அடியிலோ நிற்கக் கூடாது. அது சத்தமின்றிச் சரியும். தடுப்புச் சுவரின் கருங்கற்கள் பாசியால் வழுக்குவதோடு அவற்றின் இடுக்குகளில் கால் சிக்கும் என்பதால், பிள்ளைகளை அங்கே ஏற விடாதீர்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவு, ஒரு பக்கத்தில் மணலைச் சேர்த்தாலும் மறுபக்கத்தில் அரிப்பைக் கூட்டக்கூடும். உங்கள் வீடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரயுமன்துறை போல ஒருபுறம் கடலும் மறுபுறம் ஆறும் உள்ள ஊர்களில் ஆபத்து இரண்டு திசைகளிலிருந்தும் வரும். குழித்துறைத் தாமிரபரணியில் வெள்ளம் பெருகும் நேரத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தாலோ கடல் ஏறியிருந்தாலோ, ஆற்றுநீர் வடிய வழியின்றி வீடுகளின் பின்பக்கமாக நுழையும். கடலோரச் சாலையே முதலில் உடையும் என்பதால் உள்நாட்டுப் பக்கம் செல்லும் பாதையைத் தேர்ந்து, பகலில் ஒருமுறை, முதியவர்களையும் அழைத்துக்கொண்டு, நடந்து பார்த்துவிடுங்கள்.

எச்சரிக்கை வந்ததும் வள்ளங்களை மேட்டுக்கு ஏற்றுங்கள்; துறைமுகத்தில் கட்டுவதானால், ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விடுங்கள். குடும்ப அட்டை, மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவுச் சான்று, பட்டா, அன்றாட மருந்து ஆகியவற்றைத் தண்ணீர் புகாத ஒரே பையில் வையுங்கள். நீர் வாசலை எட்டும் முன்பே மின்சார மெயினை நிறுத்தி, எரிவாயு உருளையை மூடிவிட்டு வெளியேறுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநில அறையை 1070 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

யாரையாவது அலை இழுத்துச் சென்றால், நீச்சல் தெரிந்தாலும் வெறுங்கையோடு குதிக்க வேண்டாம். மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேனில் கயிறு கட்டி எறியுங்கள். சிக்கியவர் நீரோட்டத்தை எதிர்க்காமல் கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு தளர்ந்த பிறகு கரையை நோக்கி வர வேண்டும்.

நீர் வடிந்தபின் முதலில் கிணற்றைக் கவனியுங்கள். கடல்நீர் கலந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, குளோரின் இட்டு, உப்பு குறைந்துவிட்டதென உறுதியாகும் வரை அதைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாதீர்கள்.