ஹேவ்லாக்ல டைவிங்: எந்த ஸ்பாட்டுக்கு யாரு போகலாம்

அந்தமான் போறேன், ஹேவ்லாக் தீவுல (இப்போ பேரு ஸ்வராஜ் தீவு) ஸ்கூபா பண்ணணும்னு என்கிட்ட கேக்குறவங்க முக்கால்வாசி பேர் முதல்ல ஒரு ஃபோட்டோவத்தான் அனுப்புவாங்க. சுத்தி மீன் கூட்டம், நடுவுல ஒரு டைவர், "இதே இடம் வேணும்". அது அநேகமா ஜானீஸ் கார்ஜா இருக்கும். அங்க தரையே 25 மீட்டருக்குக் கீழ தான், படகுலயும் நல்ல தூரம். சர்டிஃபிகேட் இல்லாம முதல் தடவை இறங்குறவங்களுக்கு அதிகபட்சம் 12 மீட்டர், ஓபன் வாட்டர்ங்கிற முதல் கோர்ஸ் முடிச்சவங்களுக்கு 18, அதுக்கு அடுத்த அட்வான்ஸ்ட் கோர்ஸ் முடிச்சா 30. அதனால ஃபோட்டோவ வச்சு ஸ்பாட் தேடாதீங்க, உங்க லெவலை வச்சுத் தேடுங்க.

முதல் தடவைன்னா நீமோ ரீஃப் போதும். கரையிலேருந்தே நடந்து இறங்கலாம், மணல் தரை, இடுப்பளவு தண்ணில நின்னே மூச்சு விட்டுப் பழகிட்டு மெதுவா உள்ள கூட்டிட்டுப் போவாங்க. நீச்சல் தெரியாதவங்களையும் இன்ஸ்ட்ரக்டர் பிடிச்சுக்கிட்டே போவார். வயசு மட்டும் 10 ஆகியிருக்கணும். இறங்குறதுக்கு முன்னாடி கைசைகைய ஒழுங்கா கேட்டுக்கோங்க, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினா சூப்பர்னு அர்த்தம் இல்ல, மேல போகணும்னு அர்த்தம். மீனைப் பாத்த குஷில அதைக் காட்டி, அஞ்சாவது நிமிஷமே மேல வந்து முழிச்சவங்க நிறைய பேர்.

இப்ப காது விஷயம். 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் ரெண்டு மடங்கு ஆயிடும், அதுலயும் முதல் சில மீட்டர்லதான் காது ரொம்பப் படுத்தும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஊதணும், வலி வந்தப்புறம் இல்ல, வர்றதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு மீட்டருக்கும். நான் பண்ணின முட்டாள்தனம் என்னன்னா லேசா சளி இருந்துச்சு, ஹெல்த் ஃபார்ம்ல "இல்ல"ன்னு டிக் பண்ணிட்டேன், நாலு மீட்டர்ல வலிச்சப்பவும் கூட வந்தவங்க எல்லாம் ஜாலியா போறாங்களேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இறங்கிட்டேன். மேல வந்து மாஸ்க்கைக் கழட்டினா உள்ள மூக்குப் பக்கம் ரத்தம். மிச்ச ரெண்டு நாளும் கரையில உக்காந்து மத்தவங்க ஈர ட்ரெஸ்ஸைக் காயப்போட்டதுதான் மிச்சம். ஒரு அடி மேல போனா வலி போயிடும், அவ்ளோதான், வெக்கப்படாம காதைக் காட்டி கையை ஆட்டுங்க. சளிக்கு மாத்திரை போட்டுட்டு இறங்குறதும் வேண்டாம், கீழ இருக்கும்போது அதோட பவர் போயிட்டா மேல வர்றப்ப காது அடைச்சுக்கும்.

ஓபன் வாட்டர் முடிச்சாச்சுன்னா லைட்ஹவுஸ், அக்வேரியம் ரெண்டும் நல்ல இடம், லைட்ஹவுஸ்ல நைட் டைவும் பண்ணுவாங்க. படகுத்துறை பக்கத்துலயே இருக்கிற தி வால் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கீழ ஆழம் இறங்கிட்டே போகும், ஆனா நீங்க 15 மீட்டர்லயே சுவரை ஒட்டி மெதுவா போனாப் போதும், பாறை மாதிரியே கிடக்கிற ஸ்கார்பியன் ஃபிஷ், விரல் நகம் அளவு நூடிபிராங்க்ங்கிற கடல் நத்தைன்னு கண்ணை வச்சுத் தேடத் தேட வரும். பவளத்து மேல கை வைக்காதீங்க, 2010ல கடல் சூடாகி அங்க நிறைய பவளம் வெளுத்துப் போச்சு, பொழச்சதையாவது விட்டு வைப்போம்.

அட்வான்ஸ்ட் ஆளுங்களுக்கு ஜானீஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள், ஜாக்சன்ஸ் பார். முதல்ல சொன்னதுல ஸ்னாப்பர் மீன் கூட்டமும், அதிர்ஷ்டம் இருந்தா ஒயிட்டிப் சுறாவும். இங்கெல்லாம் நீரோட்டம் இழுக்கும், அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி வீட்டு காலண்டரைப் பாருங்க. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நீரோட்டம் ஜாஸ்தி. அஷ்டமி, நவமின்னா நல்ல காரியம் பண்ண மாட்டோம்ல, டைவிங்குக்கு அந்த நாளும் அடுத்த ரெண்டு நாளும் தான் தங்கம்! மாசம்னா டிசம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும், மழைக்காலத்துல கடல் கொந்தளிச்சா படகே கிளம்பாது.

கடைசியா பிளான் போடுறப்ப எல்லாரும் கோட்டை விடுறது ஃப்ளைட். ரெண்டு மூணு டைவ் பண்ணியிருந்தா கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல குறைஞ்சது 18 மணி நேரம் வேணும், ஒடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளிய போகணும்ல. அதனால டைவிங்க முதல் நாட்கள்ல முடிச்சுட்டு, கடைசி நாளை ராதாநகர் பீச்சுக்கு வச்சுக்கோங்க, மறுநாள் ஃபெரி பிடிச்சு போர்ட் பிளேர் (இப்போ ஸ்ரீ விஜய புரம்) போயி சென்னை ஃப்ளைட் ஏறலாம். பையில பவளத் துண்டு எதுவும் இருக்கக் கூடாது, ஏர்போர்ட்ல எடுத்துடுவாங்க.