லடாக் போகும்முன்: திட்டத்திலேயே நடக்கும் தவறுகள்

கோடை வந்தாலே யாராவது லடாக் பயணத்திட்டத்தை அனுப்பி, சரியா என்று கேட்பார்கள். கம்பளி, சன்ஸ்கிரீன் எல்லாம் பக்காவாக இருக்கும், எந்த இரவு எங்கே தூங்குகிறோம் என்பதில்தான் கோட்டை விட்டிருப்பார்கள்.

இரண்டாம் இரவே பாங்காங்

டெல்லியில் காலை விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் லடாக்கின் லே நகரம், உயரம் சுமார் 3,500 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைப்பது கடல்மட்டத்து ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு பழக இரண்டு முழு நாளாவது விட வேண்டும். ஆனால் ஒரு நாள் வாடகையை மிச்சம் பிடிக்கிறேன் என்று மறுநாளே 5,300 மீட்டரைத் தாண்டும் சாங் லா கணவாய் வழியாகக் கூட்டிப்போய், 4,200 மீட்டருக்கு மேலே பாங்காங் ஏரிக்கரைக் கூடாரத்தில் படுக்க வைக்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. பகலில் ஏறி இறங்குவதை உடம்பு ஓரளவு தாங்கும், தூக்கத்தில் ஆக்சிஜன் இன்னும் குறையும்.

முடியாமல் போனால் கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். பாங்காங்கிலிருந்து லே திரும்ப மறுபடி சாங் லா ஏறியாக வேண்டுமே! எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். மணாலி-லே சாலையில் 4,290 மீட்டரில் இருக்கும் சர்ச்சுவும் இதே பொறி, எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏற்றம். அங்கே பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பையன், ஜிம் உடம்பு, மணாலியிலிருந்து ஒரே நாளில் வந்தவன், இரவெல்லாம் வாந்தி. நண்பர்கள் தலைவலி மாத்திரை கொடுத்துத் தூங்கச் சொல்லியிருக்கிறார்கள். விடியும்போது நேராக நடக்க முடியவில்லை. அந்தத் தள்ளாட்டம் மூளை வீக்கத்தின் அறிகுறி. நல்லவேளை, ஓட்டுநர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பாரலாச்சா லா கணவாயைத் தாண்டி கீழே உள்ள கேலாங்குக்கு இறக்கினார், பிழைத்தான். 3,200 மீட்டரில் இருக்கும் ஜிஸ்பாவில் முந்தின இரவு தங்கியிருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடாமல் இருமினாலோ நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகப்படுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆக்சிஜன் கேன்

சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதை நம்பி மேலேயே தங்காதீர்கள்.

டயமாக்ஸ்

உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்க உதவும் மாத்திரை. மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

மது, தூக்க மாத்திரை

வேண்டாம்.

ப்ரீபெய்டு சிம்

வெளிமாநில ப்ரீபெய்டு அங்கே எடுக்காது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

புல்வெளியில் வண்டி

சோ கார், ஹான்லே பக்கம் வீடியோவுக்காகக் காட்டுக் கழுதைகளை ஜீப்பில் துரத்துகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது. அந்த உயரத்தில் புல் முளைப்பதே சில மாதங்கள்தான், சக்கரத்தடம் வருடக்கணக்கில் ஆறாது. சாங்பா மேய்ப்பர்களின் பஷ்மினா ஆடுகளுக்கு அதுதான் தீவனம், கருங்கழுத்துக் கொக்குகள் கூடு கட்டுவதும் அந்த ஈரநிலங்களில்தான். ஓட்டுநர் தானாகவே வண்டியைப் புல்லில் இறக்கப் போனாலும் தடுத்து, சாலையிலேயே நிறுத்தச் சொல்லி பைனாகுலரில் பாருங்கள்.