ரோமானியச் சிற்பத்தில் நிற்பவர் என்ன பதவி? கண்டுபிடிக்க ஒரு செய்முறை

பழைய ரோமானிய நாணயத்திலோ கல் சிற்பத்திலோ ஒரு அதிகாரியைப் பார்த்தால் நம் கண் முதலில் அவர் முகத்துக்குத்தான் போகும். முகத்தை வைத்து அவர் பதவியைச் சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் யார் நடக்கிறார்கள், தோளில் என்ன சுமக்கிறார்கள், அவர் எதில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பதவி அங்கேதான் தெரியும். இதற்கு லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமை போதும்.

படி 1: கழிக்கட்டைத் தேடுங்கள்

இடது தோளில் கழிக் கட்டு ஒன்றைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு யாராவது நிற்கிறாரா? அந்தக் கட்டின் பெயர் ஃபாஸ்கேஸ். பிர்ச் அல்லது எல்ம் மரக் கழிகளைச் சிவப்புத் தோல்வாரால் வரிந்து கட்டி, நடுவில் ஒரு கோடரியைச் செருகியிருப்பார்கள். அதைச் சுமப்பவர் லிக்டர். கழி அடிப்பதற்கு, கோடரி தலையை வெட்டுவதற்கு. அதிகாரி தண்டனை சொன்னால் நிறைவேற்றுபவரும் லிக்டரே. அலங்காரத்துக்காகச் சுமந்த பொருள் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமானியர்கள் இந்த வழக்கத்தை ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எட்ருஸ்கர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எட்ருஸ்க நகரமான வெட்டுலோனியாவின் ஒரு கல்லறையில் இரும்பால் செய்த சிறிய ஃபாஸ்கேஸ் கிடைத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் முசோலினி தன் கட்சிக்கு இதே சின்னத்தை வைத்துக்கொண்டார். பாசிசம் என்ற சொல்லுக்கு வேர், கட்டு என்று பொருள்படும் இத்தாலியச் சொல். இந்தச் சின்னத்தைப் பார்த்ததும் இன்று நமக்கு அவர் நினைவு வருவது எனக்கு வருத்தம்தான். அதற்கு முன் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கதை இதற்கு இருக்கிறது.

படி 2: லிக்டர்களை எண்ணுங்கள்

டிக்டேட்டருக்கு 24 பேர். நெருக்கடி நேரத்தில் ஆறு மாதத்துக்கு மிகாமல் நியமிக்கப்படும் பதவி அது. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை அதிகாரியான கான்சலுக்கு 12. கான்சலுக்கு அடுத்த நிலையில், நகருக்கு வெளியே படை நடத்தும் பிரேட்டருக்கு 6. சென்சார் (குடிமக்கள் கணக்கெடுப்பவர்), ஈடைல் (நகரப் பராமரிப்பு அதிகாரி), குவெஸ்டர் (கருவூல அதிகாரி), மக்கள் டிரிபியூன் (சாதாரண மக்களின் பிரதிநிதி) ஆகியோருக்கு ஒருவர்கூடக் கிடையாது. அரசுப் பதவி எதுவும் வகிக்காத, அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் கோயில் கன்னிப் பூசாரிக்கோ ஒரு லிக்டர் உண்டு.

கான்சல்கள் இருவர் என்பதால் ஃபாஸ்கேஸ் மாதம் மாறி மாறி ஒருவர் முன்னால் போகும்.

லிக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒரே வரிசையில் நடப்பார்கள். கடைசி ஆள்தான் அதிகாரிக்கு மிக அருகில் இருப்பவர், அவருக்குத்தான் மதிப்பு அதிகம். இதை விளக்க ஒரு சம்பவம். கி.மு. 213இல் கான்சலாக இருந்தவர், இத்தாலிக்குள் படையெடுத்து வந்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலை இழுத்தடித்துக் களைக்க வைத்த ஃபேபியஸ் மாக்சிமஸின் மகன். அப்பா மகனின் பாசறைக்குக் குதிரையில் வந்தார். மகன் லிக்டர்களோடு எதிர்கொண்டு போனார். பெரியவர் ஆயிற்றே என்று பதினோரு லிக்டர்கள் குதிரையிலிருந்து இறங்கச் சொல்லி வாய் திறக்கவில்லை. அப்பா குதிரையிலேயே அவர்களைத் தாண்டி வந்தார். கான்சல் கடைசி லிக்டரைப் பார்த்து உன் கடமையைச் செய் என்றார். அவர் குரல் கொடுத்ததும் அப்பா குதித்து இறங்கி, நீ கான்சல் என்பது உனக்கு நினைவிருக்கிறதா என்றுதான் பார்த்தேன் என்றாராம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

படி 3: கோடரி இருக்கிறதா?

புதிதாகப் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். ரோம் நகரின் புனித எல்லைக்குப் பொமேரியம் என்று பெயர். அதற்குள் நுழையும்போது கட்டிலிருந்து கோடரியை எடுத்துவிட வேண்டும். நகருக்குள் ஒரு குடிமகனுக்கு மரண தண்டனை விதித்தால் அவர் மக்களிடம் மேல்முறையீடு செய்யலாம். அதனால் கான்சலுக்கு அங்கே வெட்டும் உரிமை இல்லை. குடியரசின் முதல் ஆண்டுகளில் வலேரியஸ் புப்ளிகோலா இதைத் தொடங்கினார் என்றும், மக்கள் மன்றத்தின் முன் ஃபாஸ்கேஸைத் தாழ்த்தச் சொன்னார் என்றும் ரோமானியர்கள் சொல்லிவந்தார்கள். மிக மேலான அதிகாரி மக்களுக்கு முன்னால் தன் ஆயுதத்தைத் தாழ்த்துகிறார், பாருங்கள்! நகருக்குள்ளும் கோடரியோடு நடந்தவர் டிக்டேட்டர்.

அப்புறம், ஃபாஸ்கேஸில் இலை சுற்றியிருந்தால் அது லாரல், அதாவது போரில் வென்ற தளபதி. கட்டு தலைகீழாக இருந்தால் துக்க ஊர்வலம்.

படி 4: இருக்கையைப் பாருங்கள்

கால்கள் வளைந்து குறுக்காகப் பின்னி, முதுகு சாயும் பலகை இல்லாமல் இருந்தால் அது குரூல் நாற்காலி. தந்தம் பதித்த மடக்கு நாற்காலி. கான்சல், பிரேட்டர், சென்சார், குரூல் ஈடைல் (ஈடைல்களில் இந்த நாற்காலிக்கு உரிமை பெற்ற பிரிவினர்) ஆகியோர் உட்காரலாம். லிக்டர் இல்லாமல் இந்த நாற்காலி மட்டும் இருந்தால் சென்சார் அல்லது குரூல் ஈடைலாக இருக்க வாய்ப்பு அதிகம். டிரிபியூன்கள் சாதாரண பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். இத்தாலியின் பொம்பெய் நகரில் கால்வென்டியஸ் குயேட்டஸ் என்பவரின் கல்லறையில் அகலமான ஓர் இருக்கை செதுக்கியிருக்கிறது. அதைக் குரூல் நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள். அது பிசெல்லியம், உள்ளூர்ப் பிரமுகருக்கு ஊர் கொடுத்த மரியாதை.

படி 5: ஒரு நாணயத்தில் பழகுங்கள்

கி.மு. 54ஐ ஒட்டி மார்க்கஸ் புரூட்டஸ் அச்சடித்த வெள்ளி டெனாரியஸின் படத்தை இணையத்தில் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு பேர் வரிசையாக நடக்கிறார்கள். கட்டுச் சுமப்பவர்கள் இரண்டு பேர், ஆகவே லிக்டர்கள். அவர்களுக்கு நடுவில் கை வீசி நடப்பவர்தான் அதிகாரி. எல்லோருக்கும் முன்னால் கட்டில்லாமல் போகிறவர் அக்கென்ஸுஸ், நம் ஊர்க் கட்டியக்காரர் மாதிரி ஓர் ஏவலர்.

இரண்டே லிக்டர்கள் இருப்பதால் சின்ன அதிகாரி என்று முடிவு கட்டிவிட்டீர்களா? இங்கேதான் நானும் முதலில் சறுக்கினேன். நாணயம் நம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பன்னிரண்டு பேரைச் செதுக்க இடம் ஏது? படத்தில் இருக்கும் எண்ணிக்கை குறைந்தபட்சம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சரியா? மீதியை எழுத்து சொல்லும். கீழே புரூட்டஸ் என்று பொறித்திருக்கிறது. அரசரை விரட்டி ரோமின் முதல் கான்சல்களில் ஒருவரான லூசியஸ் புரூட்டஸ் அவர். அச்சடித்தவர் தன் முன்னோராகச் சொல்லிக்கொண்டது அவரைத்தான். பத்து ஆண்டு கழித்து சீசரைக் குத்தியவர்களில் இந்த மார்க்கஸ் புரூட்டஸும் ஒருவர்.