ஆபீஸ் விழா நடத்துவது எப்படி? சாப்பாட்டு நேரத்தில் தொடங்குங்கள்

"இந்த வருஷம் ஃபேமிலி டே உங்க பொறுப்பு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனி, குடும்பத்தினரையும் சேர்த்து 300 பேர், ஒரு சனிக்கிழமை மாலை. பொறுப்பு கைக்கு வந்ததும் பலரும் முதல் போனைப் பாட்டுக் குழுவுக்குத்தான் போடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து நடுவில் "இரவு 7.45, சாப்பாடு" என்று எழுதுங்கள். மற்றதெல்லாம் அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவாகும். மேடையில் சுமாரான பாட்டு என்றால் ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். ஒன்பதரை வரை குழந்தையைப் பசியோடு உட்காரவைத்தால் அடுத்த வருஷம் வரை பேசுவார்கள்.

படி 1: தேதியும் இடமும்

மார்கழியில், அதாவது டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை, கல்யாண முகூர்த்தம் கிடையாது. மண்டபங்கள் காலியாக இருக்கும், சமையல்காரர்களுக்கும் வேலை குறைவு. வாடகையில் பேரம் பேச இடம் உண்டு. ஆடி மாதமும் அப்படித்தான். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஈ.சி.ஆர். ரிசார்ட்டின் புல்வெளி போட்டோவில் அழகாக இருக்கும். மழை வந்தால் 300 பேரும் எங்கே போவார்கள்? அதே ரிசார்ட்டில், அதே தேதிக்குக் கூரையுள்ள ஹாலும் உண்டு என்று எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

மாதம் மெனுவையும் மாற்றும். புரட்டாசி சனிக்கிழமையில் பிரியாணி போட்டால் பாதி அண்டா அப்படியே நிற்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள். ரம்ஜான் மாதம் என்றால் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் நோன்புக் கஞ்சியும் தனி மேஜையில் தயாராக இருக்க வேண்டும்.

மண்டபம் பார்க்கப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: அசைவம் அனுமதி உண்டா? வெளி கேட்டரிங் அனுமதி உண்டா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் மேடையையும் ஏ.சி.யையும் சேர்த்துத் தாங்குமா? சென்னையில் நிறைய மண்டபங்கள் சைவம் மட்டும்தான். அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் தலைவலி.

படி 2: தலை எண்ணிக்கை

"வருகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "வர்றோம்" என்றுதான் சொல்வார்கள். "எந்த ஸ்டாப்பில் பஸ் ஏறுவீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்கிறவர் பெரும்பாலும் வந்துவிடுவார். கூடவே சைவமா அசைவமா, ஜெயின் சாப்பாடு வேண்டுமா, குழந்தைகளின் வயது, வேர்க்கடலை மாதிரி ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

கேட்டரிங்காரர் 'மினிமம் கேரண்டி' கேட்பார். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அத்தனை பிளேட்டுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். 300 பேர் பதிவு செய்திருந்தால் 270 சொல்லுங்கள். கூடுதலாக வருபவர்களுக்கும் சேர்த்துச் சமைத்து, பிளேட் கணக்குப்படி பணம் வாங்கிக்கொள்ளச் சம்மதமா என்று கேளுங்கள். விவரம் தெரிந்தவர் சம்மதிப்பார்.

படி 3: மெனு

இருபத்தைந்து ஐட்டம் போட்டோம் என்பதில் பெருமை ஒன்றும் இல்லை. இருபதையாவது யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஒரு நல்ல பிரியாணி, அதே கவனத்தோடு செய்த ஒரு சைவ பிரியாணி, சப்பாத்தியோ பரோட்டாவோ, அதற்கு ஒரு குருமா, பொரித்தது ஒன்று, இனிப்பு இரண்டு, தயிர் சாதம். வயதான பெற்றோருக்கு இட்லியோ இடியாப்பமோ கட்டாயம் இருக்கட்டும். கேட்கத் தயங்குவார்கள், இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். எப்போதும் முதலில் தீர்வது தயிர் சாதம். அதைக் கொஞ்சம் தாராளமாகச் சொல்லிவையுங்கள்.

பிரியாணி மாஸ்டர்கள் அரிசியைக் கிலோவில் கணக்கிடுவார்கள். பக்கத்தில் மற்ற ஐட்டங்களும் இருந்தால் ஒரு கிலோ அரிசி சுமார் பத்துப் பேருக்கு வரும். கிலோ அரிசிக்கு எவ்வளவு கறி என்பதையும் கேளுங்கள். ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்கு ஒன்றரையா? விலை வித்தியாசத்தின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு கொட்டேஷனை ஒப்பிடுவதற்கு முன் இதைச் சமமாக்கிக்கொள்ளுங்கள்.

சைவ மேஜை தனியாக, கரண்டியும் தனியாக. ஜெயின் சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, உருளைக்கிழங்கு, கேரட் உட்பட எந்தக் கிழங்கும் வேரும் கூடாது. எல்லாவற்றுக்கும் பெயர் அட்டை வையுங்கள்.

தோசை, கொத்து பரோட்டா லைவ் கவுன்ட்டர் கூட்டத்தை இழுக்கும், வரிசையையும் இழுக்கும். ஒரு கல் எவ்வளவுதான் ஈடுகொடுக்கும்? அதை வாசலுக்கு எதிரே வைக்காமல் மூலையில் வையுங்கள். பஃபே மேஜை நூறு பேருக்கு ஒன்று, இரண்டு பக்கமும் எடுக்கிற மாதிரி. 300 பேருக்கு மூன்று. இரண்டு போதும் என்று கேட்டரிங்காரர் சொன்னால் கேட்காதீர்கள். ஆள் மிச்சம் அவருக்கு, காத்திருப்பது உங்கள் ஆட்கள்.

கேட்டரிங்காரரிடம் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (உணவுப் பாதுகாப்பு உரிம எண்) இருக்கிறதா என்று பாருங்கள். சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். சூடு ஆறிய சாப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது. வேறு இடத்தில் சமைத்து எடுத்துவருகிறார் என்றால் எத்தனை மணிக்கு இறக்குவார் என்று கேட்பது அதனால்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அதில் அடக்கம். ஆகவே பாக்குமட்டைத் தட்டு, எவர்சில்வர் டம்ளர் என்று பேசிவிடுங்கள்.

கொட்டேஷனில் ஜி.எஸ்.டி. உள்ளே இருக்கிறதா, தனியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளி கேட்டரிங்குக்குப் பொதுவாக 5 சதவீதம், பெரிய ஹோட்டல் என்றால் 18. இந்த வரியை கம்பெனி திரும்ப எடுக்க முடியாது.

படி 4: குடிக்க

வாசலில் நன்னாரி சர்பத்தோ நீர்மோரோ கொடுங்கள். கலர் கலரான வெல்கம் டிரிங்க் பாதிக் கப்பிலேயே நின்றுவிடும். காபிக்கு டிக்காஷன் போடத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் 20 லிட்டர் கேன் 15 வரும், 20 வாங்குங்கள்.

மது? குடும்பத்தோடு வரும் விழாவில் வேண்டாம் என்பது என் கட்சி. கல்யாண மண்டபத்தில் எப்படியும் முடியாது. 2023-ல் மண்டபங்களுக்கும் சிறப்பு உரிமம் என்று அரசு அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கல்யாண மண்டபங்களை அதிலிருந்து நீக்கிவிட்டது. டீமுக்கு மட்டும் விருந்து என்றால் பார் உரிமமுள்ள ஹோட்டல்தான் வழி. 21 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. காந்தி ஜெயந்தி, குடியரசு தினம் மாதிரி நாட்களில் பார் மூடியிருக்கும். வீட்டுக்குப் போக டாக்ஸி கம்பெனி கணக்கில் இருக்கட்டும்.

படி 5: மேடை

வாசலில் பறையாட்டமோ நாசிக் டோலோ வைத்தால் வருகிறவர்களுக்கு உடனே களை கட்டிவிடும். மேடையில் உங்கள் ஆட்களுக்கே முதலிடம் கொடுங்கள். அக்கவுன்ட்ஸில் இருப்பவர் பாடுகிறார் என்றால் அந்தப் பிரிவே முன்வரிசைக்கு வந்துவிடும். வெளி நிகழ்ச்சி ஒன்று போதும்: மெல்லிசைக் குழுவோ, ஸ்டாண்ட்-அப் காமெடியோ. காமெடி என்றால் குழந்தைகள் இருப்பதை முன்பே சொல்லுங்கள், சாதி, மதம், உருவக்கேலி கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தலைமை உரை பத்து நிமிஷம். இதை உரையாற்றுபவரின் உதவியாளரிடம் சொல்வது நல்லது.

டி.ஜே. இருந்தால் இன்னொரு விஷயம். கல்யாணத்தில் பாட்டுப் போடக் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆபீஸ் விழாவுக்கு அந்தச் சலுகை இல்லை. பாட்டு உரிமைகளைக் கவனிக்கும் பி.பி.எல்., ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்புகளின் உரிமம் யார் வாங்குவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நின்றாக வேண்டும்.

படி 6: அன்றைய நேரத்தாள்

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். 7.45-லிருந்து பின்னோக்கி: 7.15 குழந்தைகளுக்குத் தனிப் பந்தி, 6.30 மெல்லிசை, 6.00 ஊழியர் நிகழ்ச்சி, 5.40 விருது, 5.30 உரை, 4.30 பஸ் வந்து சேர்ந்து காபி, பஜ்ஜி. 2.00 மணிக்கு சவுண்ட் செக். 9.30-க்கு முதல் பஸ் கிளம்பும். நிகழ்ச்சி இழுத்தால் பாட்டில் இரண்டைக் குறையுங்கள், சாப்பாட்டைத் தள்ளாதீர்கள். இந்த அதிகாரம் தொகுப்பாளருக்கு இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். சாப்பாடு ஓடும்போது மேடையில் மெல்லிய இசை போதும். போட்டி, குலுக்கல் எதுவும் வேண்டாம்.

மிச்சமாகும் சாப்பாட்டுக்கும் அன்று காலையிலேயே ஏற்பாடு செய்யுங்கள். 2014-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் வந்து எடுத்துக்கொள்கின்றன. அண்டாவில் கை படாமல் இருப்பதை மட்டும் கொடுங்கள், எத்தனை மணிக்குச் சமைத்தது என்பதையும் சொல்லுங்கள். பிளேட் கணக்கைக் கேட்டரிங் மேற்பார்வையாளரோடு அன்றிரவே சேர்ந்து எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.