சுடரில் தெரியும் தூய்மை: வேதிப்பொருளைச் சோதிக்கப் பழகுவோம்

வாணவேடிக்கையின் நிறங்களில் ஆசை வந்தவர்கள் எடுத்த எடுப்பிலேயே கலவை விகிதம் கேட்கிறார்கள். வீட்டில் வெடிமருந்து கலக்க நான் யாருக்கும் சொல்லித் தரமாட்டேன். அது உரிமமும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. கலக்கும் வேதிப்பொருளில் தூய்மை குறைந்தால் நிறம் மட்டுமா கெடும்? பதங்கமாக்கிய (ஆவியாக்கிப் பொடியாகப் படியவைத்த) கந்தகப் பொடியில் துளி அமிலம் ஒட்டியிருக்கும். அதை எரிதலைத் தூண்டும் குளோரேட் உப்போடு சேர்த்தால் கலவை தானாகவே பற்றிக்கொள்ளலாம். கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்த கலவையைப் பிரிட்டன் 1894-லேயே தடை செய்தது.

எதையும் கலக்காமல் நிறத்தையும் தூய்மையையும் ஒருசேரப் பார்க்க ஒரு வழி உண்டு: சுடர்ச் சோதனை. உப்பைச் சுடரில் காட்டி, என்ன நிறம் வருகிறது என்று பார்ப்பதுதான் அது.

படி 1: லேபிளைப் படியுங்கள்

'99%' என்று போட்டிருந்தால் மீதி 1% என்ன என்று தேடுங்கள். நல்ல லேபிளில் சோடியம், இரும்பு, சல்பேட் எல்லாம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள். தொழில்துறைத் தரப் பொருளில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்காது. நமக்கு ஆய்வகத் தரம் போதும்.

கூடவே வரும் பாதுகாப்புத் தரவுத்தாளில் 16 பகுதிகள் இருக்கும். முதல் தடவை 2, 7, 10 மூன்றையும் கட்டாயம் படியுங்கள். முறையே ஆபத்துகள், கையாளுதலும் சேமிப்பும், எதோடு சேரக்கூடாது என்பவை அவற்றில் இருக்கும்.

படி 2: பொருட்கள்

பொட்டாசியம் குளோரைடு, ஸ்ட்ரான்சியம் குளோரைடு, தாமிரக் குளோரைடு, சமையல் உப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை. நைட்ரேட், குளோரேட், பெர்குளோரேட் என்று முடியும் எதுவும் வேண்டாம். அவை எரிதலைத் தூண்டுபவை. பேரியம் உப்புகள் நஞ்சு, தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள்.

மரக்குச்சிகளைக் காய்ச்சி வடித்த நீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். குழாய் நீரில் சோடியம் இருக்கும், அது ஆகாது.

படி 3: பாதுகாப்பு

பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பருத்தி உடை, கட்டிய முடி, காற்றோட்டம், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். புன்சன் அடுப்பின் (ஆய்வக எரிவாயு அடுப்பு) நீலச் சுடர் வேண்டும். மெத்தனால் என்ற எரிசாராயத்தை ஊற்றி நிறச்சுடர் காட்டும் பழைய முறையைத் தயவுசெய்து தொடவே வேண்டாம். அதன் ஆவி பற்றிப் பாய்ந்து மாணவர்கள் மோசமாகத் தீப்புண் பட்டிருக்கிறார்கள். அமெரிக்க வேதியியல் கழகம் 2014-இல் அதைக் கைவிடச் சொன்னது.

படி 4: முதலில் வெறுங்குச்சி

பலரும் தாண்டிப்போகும் படி இதுதான். உப்புத் தொடாத ஈரக்குச்சியைச் சுடரில் காட்டுங்கள். மஞ்சள் தெரிந்தால் குச்சியிலோ நீரிலோ சோடியம் இருக்கிறது. குச்சியின் நுனியை வெறும் விரலால் தொட்டிருந்தாலும் போதும், வியர்வை உப்பு மஞ்சளாகக் காட்டிக்கொடுத்துவிடும். சோடியத்தின் 589 நானோமீட்டர் அலைநீள மஞ்சள் ஒளி அவ்வளவு பலமானது. மஞ்சள் போகும்வரை குச்சியை மாற்றுங்கள்.

படி 5: உப்புகள்

ஒவ்வோர் உப்புக்கும் தனிக்குச்சி, தனிக்கரண்டி. நுனியில் சில துகள் ஒட்டினால் போதும். சுடரின் ஓரத்தில் பிடித்து, குச்சி எரியத் தொடங்குமுன் எடுத்துவிடுங்கள். மரம் எரிந்தாலும் மஞ்சள்தான் வரும். ஸ்ட்ரான்சியம் செஞ்சிவப்பு, தாமிரம் நீலம் கலந்த பச்சை, பொட்டாசியம் வெளிர் ஊதா. சமையல் உப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் வந்தால் மற்றதையெல்லாம் கெடுத்துவிடும்.

ஸ்ட்ரான்சியம் ஆரஞ்சாகத் தெரிகிறதா? சோடியம் கலந்திருக்கலாம். பொட்டாசியத்தின் ஊதா கண்ணுக்கே படவில்லையா? கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பாருங்கள். அது மஞ்சளை விழுங்கிவிடும், ஒளிந்திருந்த ஊதா வெளியே வரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது, இன்றும் சிலிர்க்கிறது.

படி 6: முடித்த பிறகு

குச்சிகளை வாளியில் நனையுங்கள். வெளியே எடுத்த உப்பு மீந்தால் திரும்பப் புட்டியில் கொட்டாதீர்கள். ஒரு கரண்டி அழுக்கு முழுப் புட்டியையும் கெடுக்கும். தாமிர உப்பைச் சாக்கடையில் ஊற்றாமல் தனி டப்பாவில் சேருங்கள். புட்டியை இறுக்கி மூடி, திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். அப்புறம் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.